எட்டாவது தாவல்

இதை நான் கட்டிச் சொல்லவில்லை. பட்டுச் சொல்கிறேன்.

பழம்பாடல்களுக்குள்ளேயே வாழ்நாளைக் கழிப்பவன் எதையேனும் கனவு கண்டிருப்பான் என்று நீங்கள் எண்ணக்கூடும். எண்ணிக்கொள்ளுங்கள். ஆனால் அன்று அந்த அறையில் நான் தனியாக இல்லை. என் மனைவியும் இருந்தாள். அவள் கனவு காணும் பெண் அல்லள்; காய்கறிக்காரரின் தராசையே இரண்டு முறை நிறுத்திப் பார்ப்பவள். அன்றிரவு நாங்கள் இருவரும் படுத்திருந்த மருத்துவமனையின் சீட்டு இன்னும் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. அதில் எழுதியிருப்பதற்கு மருத்துவர் விளக்கம் சொல்லிவிட்டார். எழுதாமல் விட்டதற்குத்தான் இன்றுவரை ஒருவரும் விளக்கம் சொல்லவில்லை.

நான் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பிப்பவன். ஓர் அச்சகத்தின் பின்புறத்து அறையில் எனக்கு ஒரு மேசையும் ஒரு கணினியும் கொடுத்திருந்தார்கள். அப்போது என் கையில் இருந்தது நூறு பாடல்கள் கொண்ட ஒரு பக்திநூல். பாடியவர் பெயர் தெரியவில்லை. வகை மட்டும் தெரியும்: அந்தாதி. ஒரு பாடல் எந்தச் சொல்லில் முடிகிறதோ, அந்தச் சொல்லிலேயே அடுத்த பாடல் தொடங்கும். நூறாம் பாடலின் இறுதிச் சொல் முதற்பாடலின் முதற்சொல்லைத் தொடும். கட்டிய மாலையைப் போல எங்கே தொடக்கம், எங்கே முடிவு என்று பிரிக்க இயலாது.

அந்தப் பதிப்பைத் தொடங்கியவன் நான் அல்லன். எனக்குமுன் அந்த அறையில் இருந்தவர் தொடங்கியது. அவரை அச்சகத்தில் எல்லோரும் அந்தாதியார் என்றே அழைத்தார்கள். நாம் எந்தச் சொல்லில் பேச்சை நிறுத்துகிறோமோ, அதை எடுத்தே அவர் மறுமொழி தொடங்குவாராம். "டீ ஆறிப்போச்சு ஐயா" என்றால், "ஐயாவுக்கு ஆறினதே போதும்" என்பாராம். எழுபத்திரண்டு பாடல்கள் வரை மெய்ப்புப் பார்த்து முடித்திருந்தார். சென்ற மழைக்காலத்தில் ஒருநாள் அந்த அறையிலேயே உயிர் பிரிந்தது. மாரடைப்பு என்றார்கள். நாற்காலியில் அமர்ந்தபடியே போய்விட்டாராம். நான் அவரைப் பார்த்ததில்லை.

ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்தக் கணினி அவருடையதன்று. அவர் மறைந்தபின் முதலாளியம்மா புதிதாக வாங்கியது. அட்டைப்பெட்டியைப் பிரித்து எடுத்தவனே நான்தான்.

அன்று காலை முதலே மழை. நூல் மறுநாள் காலை அச்சேற வேண்டும். அந்தாதியார் பார்த்தவற்றையும் முதலிலிருந்து மறுபடி ஒப்பிட்டு வந்த நான் அறுபத்தேழு பாடல்களைத்தான் முடித்திருந்தேன். எனக்கு மூலம் வாசிக்கும் உதவியாளர் காய்ச்சலென்று வரவில்லை. மெய்ப்புப் பார்ப்பது இருவர் வேலை. ஒருவர் கையெழுத்துப் படியை உரக்க வாசிப்பார். மற்றவர் திரையில் ஒப்பிடுவார். சொல்லை மட்டும் வாசித்தால் போதாது. "ஒற்று உண்டு", "ஒற்று இல்லை", "அடி முடிந்தது" என்று ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வேறு வழியின்றி என் மனைவியை அழைத்துச் சென்றேன்.

"கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல என்னை வெளிய கூட்டிட்டுப் போற இடம் இதுதானா?" என்றாள் அவள், அறையைச் சுற்றிலும் பார்த்தபடி.

"சாமி பாட்டு வாசிச்சா புண்ணியம்மா."

"புண்ணியம் எனக்கு, சம்பளம் உங்களுக்கு. நல்லாத்தான் பங்கு போடுறீங்க."

அறை சிறியது. கனமான பழைய மரக்கதவு ஒன்று. இறுகச் சாத்த வராத சன்னல் ஒன்று. அந்தச் சன்னலுக்கு வெளியே, தகரக் கூரை போட்ட ஒரு குறுகிய நடை. நடையின் மறுகோடியில் முற்றம். சுவரோரம் கூரை வரைக்கும் காகிதக் கட்டுகள். மையும், உருளை துடைக்கும் மண்ணெண்ணெயும் கலந்த நெடி எப்போதும் நிறைந்திருக்கும். அதற்குமுன் வேறெந்த மணமும் மூக்குக்கு எட்டாது.

மாலை ஆறு மணியளவில் மின்சாரம் போயிற்று. கணினி அணைந்தது. மின்சாரம் போனால் தாங்கிப் பிடிக்கும் பேட்டரி பழுதாகி ஒரு மாதம் ஆகியிருந்தது. சற்று நேரத்தில் சன்னலுக்கு வெளியே தடதடவென்று ஓசை எழுந்தது. விளக்கு எரிந்தது. அச்சு இயந்திரம் ஓட்டும் மெஷின்மேன் கதவு வழியே தலையை நீட்டினார்.

"ஐயா, மழைக்காக ஜெனரேட்டரை நடைக்குள்ள இழுத்துட்டோம். சாரல் அடிக்குதுன்னு முத்தத்து ஷட்டரையும் இறக்கியாச்சு. கொஞ்சம் சத்தமா இருக்கும்."

"இருக்கட்டும்ப்பா. கதவைச் சாத்திக்கிறேன்."

சாத்தினேன். மழையில் ஊறிய மரம் நிலையோடு இறுகிக் கிறீச்சிட்டது. தோளால் இடித்துத்தான் மூட வேண்டியிருந்தது.

உலாவியில் நான் எப்போதும் ஏழு பக்கங்களைத் திறந்து வைத்திருப்பேன். இரண்டு அகராதிகள், ஒரு சொல்லடைவு, பழைய பதிப்புகளின் ஒளிப்படிகள் நான்கு. அவற்றைத் தாவல்கள் என்பேன். என் மனைவி டேப் என்பாள். மின்சாரம் போய்க் கணினி அணைந்தால், மறுபடி திறக்கும்போது ஒரு சிறு பெட்டி தோன்றும். முன்பு திறந்திருந்த பக்கங்களை மீட்டெடுக்கவா என்று கேட்கும். ஆம் என்று அழுத்தினால் ஏழும் வரிசை மாறாமல் வந்து நிற்கும். அந்தப் பெட்டியின்மீது எனக்கு ஒரு மதிப்பே உண்டு. திடீரென்று போனதைத் திருப்பித் தருகிறதே.

அன்றும் கேட்டது. ஆம் என்று அழுத்தினேன்.

எட்டு வந்தன.

எட்டாவது, ஒரு தேடல் பக்கம். தேடியிருந்த சொற்கள் மேலே இருந்தன: மழை நாளில் தலை கனப்பது ஏன்.

"என் கணினியில எதையாவது தேடினியா?"

"உங்க மிஷினை நான் தொட்டதே இல்ல. தொட்டா ஊரைக் கூட்டுவீங்க." அவள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "ஆனா தலை கொஞ்சம் பாரமாத்தான் இருக்கு. இந்த மை நாத்தமோ என்னமோ."

எனக்கும் சிறிது கனத்தது. கண் கொட்டாமல் எழுத்துகளைப் பார்த்ததன் விளைவு என்று எண்ணினேன். அந்தத் தாவலை மூடினேன். அவள் வாசிக்கத் தொடங்கினாள். அறுபத்தெட்டாம் பாடல். அறுபத்தொன்பது. குரல் கணீரென்று இருந்தது. ஒற்று உண்டு. ஒற்று இல்லை. அடி முடிந்தது.

திடீரென விளக்கு அணைந்தது. வெளியே தடதட ஓசை இருமி நின்றது. காகிதம் வெட்டும் இயந்திரத்தை ஓட்டினால் ஜெனரேட்டர் தாங்காது என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் ஓட்டுவார்கள். இரண்டு நிமிடம் இருட்டு. மீண்டும் ஓசை. மீண்டும் வெளிச்சம். மீண்டும் அந்தச் சிறு பெட்டி.

ஆம்.

இம்முறை ஒன்பது. நான் மூடிய எட்டாவது திரும்பி வந்திருந்தது. அதனருகே புதிதாக ஒன்று: ஏன் மங்குகிறது கண்.

என் மனைவி மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்தாள். போட்டாள். மறுபடி கழற்றித் துடைத்தாள்.

"என்ன ஆச்சு?"

"எழுத்தெல்லாம் கலங்குதுங்க. பவர் கூடியிருக்கும். நாளைக்குக் கண் டாக்டர்கிட்ட போகணும்."

முன்னறையில் தட்டெழுதும் பெண் ஒருத்தி இருக்கிறாள். குறும்புக்காரி. அங்கிருந்தே என் கணினிக்குள் ஏதோ வேடிக்கை செய்கிறாள் என்று நினைத்தேன். ஆனால் அவள் நான்கு மணிக்கே வீட்டுக்குப் போயிருந்தாள். அது எனக்கு நினைவுக்கு வந்தது. வந்தும், அதை நான் தள்ளிவைத்தேன்.

எழுபதாம் பாடல். எழுபத்தொன்று. அவள் வாசிப்பில் வேகம் குறைந்திருந்தது.

மறுபடி இருட்டு. மறுபடி ஓசை. மறுபடி வெளிச்சம்.

பத்து.

கண் மூடினால் விலகாத தூக்கம்.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டிற்று. மூன்றையும் வரிசையாகப் பார்த்தேன். தலை கனப்பது ஏன். ஏன் மங்குகிறது கண். கண் மூடினால் விலகாத தூக்கம். ஒன்றின் முடிவு மற்றொன்றின் தொடக்கம்.

அந்தாதி.

வேறொருவனாக இருந்தால் அந்த வரிகள் என்ன சொல்கின்றன என்று கேட்டிருப்பான். எழுந்து கதவைத் திறந்திருப்பான். நானோ அவை எப்படிச் சொல்கின்றன என்று பார்த்தேன். நாற்பது ஆண்டுப் பழக்கம். ஒரு தாளை எடுத்து மூன்று வரியையும் எழுதினேன். சீர் பிரித்தேன். தளை தட்டுகிறதா என்று விரல்விட்டுப் பார்த்தேன். அடுத்தது 'தூக்கம்' என்றல்லவா தொடங்க வேண்டும், அதற்கு என்ன வினை இயையும் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது... எனக்கு அது இன்பமாகக்கூட இருந்தது. உடம்பு இலேசாக மிதப்பதுபோல் இருந்தது. பாட்டின் சுவை என்று நினைத்துக்கொண்டேன்.

"எழுபத்திரண்டு முடிஞ்சுது" என்றாள் அவள்.

"மேல வாசி."

"எழுபத்து... மூணு." நீண்ட இடைவெளி. "நிழலே... நிழலே என..."

நின்றது.

"ஒற்று உண்டா இல்லையா?"

பென்சிலால் மேசையைத் தட்டினேன்.

"ஏம்மா. தூங்கிட்டியா? அஞ்சு பாட்டுக்கே இப்படின்னா நூறு பாடினவர் என்ன செஞ்சிருப்பார்?"

அவள் சிரிக்கவில்லை. நான் திரும்பிப் பார்க்கவும் இல்லை. என் கண் அந்தப் பத்தாவது தாவலின் மீதே இருந்தது.

விளக்கு அணைந்தது.

இம்முறை இருட்டு முன்போல் இல்லை. மழையின் ஓசை தொலைவில், கிணற்றுக்குள்ளிருந்து கேட்பதுபோல் கேட்டது. என் மூச்சின் ஓசை கேட்டது. என் மனைவியின் மூச்சைத் தேடினேன். கேட்கவில்லை...

அவள் இருந்த பக்கத்திலிருந்து, மிக அருகில், ஒரு குரல் வந்தது.

"ஒற்று உண்டு."

மெல்லிய குரல். நிதானமான குரல். நான் கேட்ட கேள்விக்கு உரிய விடை.

அது என் மனைவியின் குரல் அன்று.

அது ஓர் ஆணின் குரல்.

வாய் திறந்தேன். நாக்கு எழவில்லை. நாள்தோறும் சொல்லும் துதி ஒன்று உண்டு. தூக்கத்தில் கேட்டாலும் தடையின்றிச் சொல்வேன். அதன் முதற்சொல் நினைவுக்கு வரவில்லை. நெஞ்சுக்குள் தேடினேன். வெறுமையாக இருந்தது.

தடதட ஓசை. வெளிச்சம். கணினி தானே விழித்துக்கொண்டது. சிறு பெட்டி தோன்றியது. மீட்டெடுக்கவா என்றது.

நான் அழுத்தவில்லை. என் இரு கைகளும் மடியில் கிடந்தன. அவற்றைத் தூக்க முடியவில்லை.

ஆம் என்பது தானே அழுந்தியது.

தாவல்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. ஏழு. எட்டு. ஒன்பது. பத்து. பதினொன்று...

தூக்கமா மயக்கமா அறிவது எப்படி.

அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன்.

அவள் நாற்காலியில் சாய்ந்திருந்தாள். வாய் சிறிது திறந்திருந்தது. கண்ணாடி மூக்கிலிருந்து நழுவி ஒரு காதில் தொங்கியது. கையெழுத்துப் படி தரையில் சிதறிக் கிடந்தது. தாள் ஒன்று கீழே விழுந்தால் உடனே குனிந்து எடுப்பவள் அவள்.

"ஏம்மா."

அசைவில்லை.

"ஏம்மா... எழுந்திரு."

தோளைப் பிடித்து உலுக்கினேன். தலை மறுபக்கம் சரிந்தது.

எழுந்தேன். கால்கள் என்னுடையவையாக இல்லை. மேசையைப் பற்றினேன். திரையில் பன்னிரண்டாவது வந்திருந்தது.

எப்படித் திறக்கும் இந்தக் கதவு.

கதவுக்குப் போனேன். ஆறடி தூரம். அவ்வளவு தூரம் நான் வாழ்நாளில் நடந்ததில்லை. கைப்பிடியைப் பிடித்துத் தள்ளினேன். அசையவில்லை. உள்பக்கம் இழுக்க வேண்டிய கதவு என்பது மறந்துவிட்டது. மறுபடி தள்ளினேன். தோளால் இடித்தேன். கத்தினேன். ஜெனரேட்டரின் ஓசை என் குரலை விழுங்கியது.

முழங்கால் மடிந்தது.

கதவோரம் விழுந்தேன்.

விழுந்த இடத்திலிருந்து கதவின் அடிப்பலகை தெரிந்தது. அதில் கீறல்கள் இருந்தன. பழைய கீறல்கள். ஒரு முழ உயரத்தில். தரையில் கிடப்பவனின் கை எட்டும் உயரத்தில்...

தலையைத் திருப்பினேன். திரை எரிந்துகொண்டிருந்தது.

பதின்மூன்றாவது தாவல். கதவு.

பதினான்கு. கதவு.

பதினைந்து. கதவு.

கதவு. கதவு. கதவு.

யாரும் தொடவில்லை. தாவல்கள் பெருகிக்கொண்டே போயின. பெருகப் பெருக ஒடுங்கின. முதலில் சொல் முழுதும் தெரிந்தது. பிறகு முதலெழுத்து மட்டும். க. க. க. பிறகு அதுவும் இல்லை. கோடுகள். பல்லைக் கடித்தாற்போல் நெருங்கி நின்ற கோடுகள்.

பிறகு எல்லாம் நின்றது.

ஒரே ஒரு பக்கம் திரை முழுவதும் விரிந்தது. எழுத்துகள் பெரிதாயின. மேலும் பெரிதாயின. தரையில் கிடக்கும் ஒருவன் படிக்க வேண்டும் என்பதற்காகவே பெரிதாயின.

மழையில் ஊறி உப்பிய மரக்கதவைத் தள்ளாதீர்கள். கைப்பிடியை மேலே தூக்குங்கள். அடிப்பக்கத்தை உதைத்துவிட்டு உங்கள் பக்கம் இழுங்கள்.

தூக்கினேன்.

உதைத்தேன்.

இழுத்தேன்.

குளிர்ந்த காற்று முகத்தில் அறைந்தது.

அவளை எப்படி இழுத்து வந்தேன் என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. நாற்காலியோடு இழுத்தேன் என்கிறார்கள். மெஷின்மேனும் வெட்டும் பிரிவில் இருந்தவர்களும் ஓடிவந்ததும், யாரோ ஜெனரேட்டரை நிறுத்தியதும், மழையில் அவளைக் கிடத்தி ஒருவர் முகத்தில் தட்டியதும் துண்டு துண்டாக நினைவிருக்கின்றன. ஒன்று தெளிவாக நினைவிருக்கிறது. அவள் இருமினாள். நான் கேட்ட பாடல்கள் எல்லாவற்றிலும் இனிய ஓசை அதுதான்.

மருத்துவர் இளைஞர். சுருக்கமாகப் பேசினார்.

"ஜெனரேட்டர் புகை சார். மூடின இடத்துல ஓடியிருக்கு. அதுல இருக்குற நச்சு வாயுவுக்கு நெடியும் கிடையாது, நிறமும் கிடையாது. முதல்ல தலைவலி, அப்புறம் கண்ணு மங்கும், அப்புறம் தூக்கம். இன்னும் கால் மணி நேரம் உள்ள இருந்திருந்தா நாம பேசிட்டு இருக்க மாட்டோம்."

என்னைக் கீழ்த்தளத்தில் ஒரு கட்டிலில் கிடத்தினார்கள். அவளை மேல்தளத்தில், தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்தார்கள். அங்கே யாரையும் உள்ளே விடமாட்டார்கள். இரவு முழுவதும் என் மூக்கில் குழாய் இருந்தது. நான் கட்டிலை விட்டு இறங்கவே இல்லை. காவலுக்கு மெஷின்மேன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். விடியும் வேளையில் அவர் அழத் தொடங்கினார்.

"என்னப்பா, எங்களுக்குத்தான் ஒண்ணும் ஆகலியே."

"அதில்லீங்க ஐயா. அந்தாதியார் போன அன்னைக்கும் மழை. அன்னைக்கும் ஜெனரேட்டரை உள்ளதான் இழுத்து வச்சோம். எங்களுக்கு உறைக்கலயே."

"அவருக்கு மாரடைப்புன்னு..."

"வயசானவரு, அப்படித்தான் இருக்கும்னு நாங்களே முடிவு பண்ணிட்டோம். டாக்டர்கிட்டயும் அதையேதான் சொன்னோம்." அவர் குரல் தாழ்ந்தது. "அவரு நாற்காலியில இல்ல ஐயா. கதவுகிட்ட கிடந்தாரு. தள்ளித்தான் திறந்தோம். அந்தக் கோலத்துல முதலாளியம்மா பாக்க வேண்டாம்னு நாங்கதான் தூக்கி நாற்காலியில உக்கார வச்சோம்."

அவர் கையைப் பற்றிக்கொண்டேன்.

காலையில் மேல்தளத்துக்கு அழைத்துப் போனார்கள். என் மனைவி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் வெளிறியிருந்தது. வாய் மட்டும் பழையபடி இருந்தது.

"நீங்க ஏன் இப்படி இருக்கீங்க? ராத்திரி பூரா கண்ணு முழிச்சு வாசிச்சா இப்படித்தான் ஆகும்."

"வாசிச்சனா?"

"பக்கத்துல உக்காந்து வாசிச்சீங்களே. எழுபத்து மூணுலேர்ந்து. நான் விட்ட இடத்துலேர்ந்தே. ஒற்று உண்டு, ஒற்று இல்லைன்னு ஒண்ணு விடாம." அவள் கண்களை மூடிக்கொண்டாள். "நூறு முடிஞ்சதும் விடுவீங்கன்னு பாத்தேன். மறுபடி முதல் பாட்டுக்குப் போய்ட்டீங்க. நிறுத்தவே இல்ல. குரல்தான் ஒரு மாதிரி இருந்துச்சு. தொண்டை கட்டிக்கிச்சா?"

மருந்தின் மயக்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவளிடம், "ஆமா, கொஞ்சம் கட்டிக்கிச்சு" என்றேன்.

மூன்றாம் நாள் காலை அவளை வீட்டில் கொண்டுவந்து சேர்த்தேன். அவள் தூங்கியதும் அச்சகத்துக்குப் போனேன். அறையின் கதவைக் கழற்றி எடுத்திருந்தார்கள். சன்னலை முழுதும் திறந்து வைத்திருந்தார்கள். தட்டெழுதும் பெண்ணை அழைத்து, கணினியில் அன்று யார் என்ன தேடினார்கள் என்று பார்க்கச் சொன்னேன். நானும் என் மனைவியும் எதையும் தேடவில்லை என்பதை மட்டும் சொன்னேன்.

அவள் அந்த அறையின் மெயின் சுவிட்சைப் போட்டு வந்து உட்கார்ந்தாள். அன்றிரவு மெஷின்மேன் அணைத்துவிட்டுப் போனது. அதற்குப்பின் அவள்தான் முதலில் போடுகிறாள். சிறிது நேரம் விசைகளைத் தட்டினாள். அவள் வழக்கமாக ஏதாவது கேலி பேசுவாள். அன்று பேசவில்லை.

"சார், தேடினதெல்லாம் இருக்கு. நேரமும் இருக்கு. ஆனா மிஷின் எப்போ அணைஞ்சுது, எப்போ ஏறிச்சுன்னும் இதுலயே பதிவாயிருக்கு." அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ரெண்டையும் ஒட்ட வச்சுப் பாத்தா சரியா வரலியே சார்."

"என்ன சரியா வரல?"

"தேடின நேரமெல்லாம் மிஷின் அணைஞ்சிருந்த நேரம். கரண்ட் இல்லாதப்போ எப்படித் தேட முடியும்?"

நான் நாற்காலியில் உட்காரவில்லை. நின்றபடியே இருந்தேன்.

"கதவு கதவுன்னு நிறைய இருக்கு" என்றாள். "அதுக்குக் கீழ இன்னொண்ணு. அன்னைக்கு ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு. அப்போ நீங்க ஆஸ்பத்திரியில இருந்தீங்கல்ல?"

"ஆமா."

"மெயினே அணைச்சிருந்துச்சு. ரூமும் பூட்டியிருந்துச்சு."

"என்ன தேடியிருக்கு?"

அவள் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். வரைபடம். அச்சகத்திலிருந்து ஒரு நீலக்கோடு புறப்பட்டு, இரண்டு தெருக்களைக் கடந்து, பெரிய சாலையில் திரும்பி, மருத்துவமனையின் வாசலில் முடிந்தது. நடந்து செல்லும் வழி. முப்பத்தைந்து நிமிடம்.

கோடு முடிந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தேன்.

"அதுக்கப்புறம் ஏதாவது தேடியிருக்கா?" என்று கேட்டேன்.

அவள் கீழே உருட்டிப் பார்த்தாள். மேலே போய், மறுபடி கீழே வந்தாள்.

"இல்ல சார். போற வழியை மட்டும்தான் தேடியிருக்கு. திரும்பி வர்ற வழியைத் தேடவே இல்ல."